ஒரே டிராம் டிக்கெட்... ரெண்டு நாடு! ரைன் நதிப் பாலம் சொல்லும் போர், ஓட்டு, சமாதானக் கதை

"அக்கா, எல்லை எப்போ வரும்?"

"அது வந்து போயிடுச்சுடி. நீ ஆத்தை வீடியோ எடுத்துட்டு இருந்தியே, அப்பவே தாண்டியாச்சு."

நம்பவே முடியவில்லை. எல்லை என்றால் கம்பிவேலி, துப்பாக்கி, பெரிய இரும்புக் கேட் என்றுதான் மனதில் பதிந்திருக்கிறது. டி.வி-யில் வாகா எல்லையைப் பார்த்து வளர்ந்த தலைமுறை ஆச்சே! இங்கே 290 மீட்டர் நீளப் பாலத்தில் டிராம் வழுக்கிக்கொண்டு போனது. இந்தப் பக்கம் பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பர்க் நகரம். அந்தப் பக்கம் ஜெர்மனியின் கேல் என்கிற சின்ன ஊர். நடுவில் ரைன் நதி. என் எதிர் சீட்டில் இருந்த அம்மா, காலி காய்கறிப் பையை மடியில் வைத்தபடி தூங்கிக்கொண்டிருந்தார். இந்த ஆற்றுக்காக எத்தனை லட்சம் பேர் செத்தார்கள் என்று படித்துவிட்டு வந்த எனக்குத்தான் தூக்கம் வரவில்லை.

சித்தி மகள் அக்கா ஸ்ட்ராஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்கிறாள். மாமாவுக்கு கேல் ஊரில் வேலை. தினமும் காலையில் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு ஜெர்மனிக்குப் போய், சாயந்திரம் பிரான்ஸுக்குத் திரும்பிவிடுகிறார். பத்து நாள் லீவில் அவர்கள் வீட்டில் தங்கப் போன நான், ஊர் சுற்றிப் பார்த்து நாலு போட்டோ போடலாம் என்றுதான் கிளம்பினேன். ஆனால், போன இடத்தில் ஒரு கேள்வி பிடித்துக்கொண்டது.

1870, 1914, 1939... 70 வருடத்துக்குள் மூன்று முறை போர் செய்த இரண்டு நாடுகள் இவை. அதே ஆறு, அதே மக்கள். அப்புறம் எப்படி 80 வருடமாக ஒரு குண்டுகூட வெடிக்கவில்லை? இடையில் என்ன மாறியது?

கீழ் வீட்டுப் பாட்டியின் குடும்பக் கதை

பதில் தேடி நூலகத்துக்கெல்லாம் போகவில்லை. அக்கா குடியிருக்கும் வீட்டின் உரிமையாளர் கீழ்த்தளத்தில் இருக்கிறார். 80 வயதை நெருங்கும் பாட்டி. அக்கா அவரை 'மேடம்' என்றுதான் கூப்பிடுவாள். நான் மனதுக்குள் பாட்டி என்றே வைத்துக்கொண்டேன். ஒருநாள் சாயந்திரம் மெல்லிய ரொட்டியில் க்ரீம் தடவி, வெங்காயமும் காளானும் தூவிச் சுட்ட அல்சாஸ் பலகாரத்தைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்து பேச ஆரம்பித்தார். அக்கா மொழிபெயர்த்துச் சொன்னாள்.

"எங்க பாட்டி 1892-ல பொறந்தாங்க. பொறக்கும்போது ஜெர்மன் பிரஜை. 1918-ல பிரெஞ்சு பிரஜை ஆனாங்க. 1940-ல மறுபடியும் ஜெர்மன். 1944-ல மறுபடியும் பிரெஞ்சு. ஆனா, அவங்க ஒரு தடவைகூட வீடு மாறல. ஒரே வீடு, ஒரே அடுப்படி."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. "மாத்துறதுக்கு முன்னாடி யாராவது அவங்ககிட்ட கேட்டாங்களா?" என்றேன்.

"ஒருத்தரும் கேக்கல!"

அந்த ஒரு வார்த்தைதான் என் மீதி நாள் பயணத்துக்கு வழிகாட்டி ஆனது.

பெயரே எழுதாத போர் நினைவுச் சின்னம்

மறுநாள் காலை 'ரிபப்ளிக்' சதுக்கத்துக்குப் போனோம். சுற்றிலும் கம்பீரமான கட்டடங்கள். அதில் ஒன்று, ஜெர்மன் பேரரசருக்காகக் கட்டிய அரண்மனை. 1871-ல் பிரான்ஸைத் தோற்கடித்த ஜெர்மனி, ஸ்ட்ராஸ்பர்க் இருக்கும் அல்சாஸ் பகுதியையும், பக்கத்து லொரேன் பகுதியில் ஒரு பாகத்தையும் எடுத்துக்கொண்டது. அந்தப் பகுதி மக்கள் தேர்ந்தெடுத்த பிரதிநிதிகள், பிரெஞ்சு சபையில் எழுந்து எதிர்ப்பைச் சொன்னார்கள். யார் காதிலும் விழவில்லை.

சதுக்கத்தின் நடுவில் ஒரு சிலை. ஒரு தாய் உட்கார்ந்திருக்கிறாள். மடியில் சாகும் நிலையில் இரண்டு மகன்கள். ஒருவன் ஜெர்மனிக்காகச் செத்தவன், இன்னொருவன் பிரான்ஸுக்காகச் செத்தவன். யார் எந்த நாடு என்று கண்டுபிடிக்க முடியாது. இருவர் உடம்பிலும் ராணுவ உடுப்பு இல்லை. சாகும்போது கைகள் மட்டும் ஒன்றையொன்று தேடுகின்றன. பிரான்ஸில் ஊருக்கு ஊர் இருக்கும் போர் நினைவுச் சின்னங்களில் 'தாய்நாட்டுக்காக உயிர் நீத்தவர்கள்' என்ற மாதிரி எழுதியிருக்கும். இங்கே 'எங்கள் இறந்தவர்களுக்கு' என்பதோடு முடிந்துவிடுகிறது. எந்தத் தாய்நாடு என்று எழுதுவது?

பாட்டியின் பாட்டிக்கு ஒரு தம்பி இருந்தாராம். 1916-ல் ஜெர்மன் உடுப்பில் செத்துப்போனார். அவர் பெயரை 'நம்ம வீரர்' என்று சொல்வதா வேண்டாமா என்று அந்தக் குடும்பத்துக்கே பல வருடம் தெரியவில்லை.

293 ஓட்டு விழுந்தும் அசையாத நாற்காலி

"ஜெர்மனியில அப்பவே பார்லிமென்ட் இருந்துச்சுல்ல? அப்புறம் எப்படி போர் வந்துச்சு?" என்று அக்காவிடம் கேட்டேன். ஆம்பளைகளுக்கு ஓட்டுரிமை, தேர்தல், கட்சிகள் எல்லாம் அப்போதே இருந்தன.

இதற்கான பதில் ஸ்ட்ராஸ்பர்க்குக்கு வடமேற்கே இருக்கும் சாவெர்ன் என்ற சின்ன ஊரில் கிடைக்கிறது. 1913-ல் அங்கே முகாமிட்டிருந்த ஜெர்மன் ராணுவத்தின் இளம் அதிகாரி ஒருவர், அல்சாஸ் மக்களைக் கேவலமாகப் பேசினார். ஊரே கொதித்தது. ராணுவம் தெருவில் இறங்கி, கண்ணில் பட்டவர்களைப் பிடித்து அடைத்தது. விஷயம் பெர்லின் பார்லிமென்ட்டுக்குப் போனது. பிரதமர் பதவியில் இருந்த சான்சலர் மீது 293-க்கு 54 என்ற கணக்கில் கண்டனத் தீர்மானம் நிறைவேறியது.

அப்புறம்? ஒன்றுமே ஆகவில்லை. சான்சலரை நியமிப்பதும் நீக்குவதும் பேரரசர் கையில். பார்லிமென்ட் கத்தலாம், இறக்க முடியாது.

எட்டு மாதம் கழித்து, 1914 ஆகஸ்ட் 3-ம் தேதி ஜெர்மனி பிரான்ஸ் மீது போர் அறிவித்தது. மறுநாள்தான் பார்லிமென்ட்டைக் கூட்டினார்கள். அதுவும் போர் செலவுக்குக் கடன் வாங்க அனுமதி கேட்டு. சபையும் கொடுத்துவிட்டது.

இம்மானுவேல் கான்ட் என்ற ஜெர்மன் தத்துவ அறிஞர் 1795-லேயே இதைப் பற்றி எழுதியிருக்கிறார். போரில் சாகப்போகிறவர்களிடமும், அதற்கு வரி கட்டப்போகிறவர்களிடமும் சம்மதம் கேட்க வேண்டும் என்றால், அவர்கள் நூறு முறை யோசிப்பார்கள். அரசரே முடிவெடுத்தால், விருந்தும் வேட்டையும் நடந்துகொண்டிருக்கும்போதே போரும் தொடங்கிவிடும். இதுதான் அவர் சொன்னதன் சாரம்.

டிராம் ஸ்டாப்புக்கு ஒரு சமாதானக்காரர் பெயர்

கேல் போகும் டி லைன் டிராமில் 'அரிஸ்தீத் பிரியாந்' என்று ஒரு ஸ்டாப் வருகிறது. யார் இவர்? பிரான்ஸின் வெளியுறவு அமைச்சராக இருந்தவர். இவரும், ஜெர்மன் வெளியுறவு அமைச்சர் குஸ்டாவ் ஸ்ட்ரெஸ்மனும் சேர்ந்து 1926-ல் அமைதிக்கான நோபல் பரிசு வாங்கினார்கள். முதல் உலகப்போர் முடிந்து எட்டே வருடத்தில்!

ஜனநாயக நாடு என்றாலே நல்லபிள்ளை என்று நினைத்துவிடக் கூடாது. 1918-ல் அல்சாஸை மீட்ட பிரான்ஸும் அந்த மக்களிடம் ஓட்டெடுப்பு நடத்தவில்லை. அப்பா, தாத்தா எந்த ஊர் என்று பார்த்து ஏ, பி, சி, டி என நாலு வகை அடையாள அட்டை கொடுத்தது. ஜெர்மன் வம்சம் என்று முத்திரை விழுந்தவர்களில் ஏராளமானவர்கள் கையில் கொஞ்சம் சாமானோடு இதே ஆற்றைக் கடந்து போக வேண்டி வந்தது. 1923-ல் நஷ்டஈடு வரவில்லை என்று சொல்லி, ஜெர்மனியின் நிலக்கரிப் பகுதியான ரூர் பள்ளத்தாக்கில் பிரான்ஸ் ராணுவத்தை இறக்கியது. அடுத்த போருக்கு அஸ்திவாரம் போட்ட மாதிரிதான் இருந்தது.

ஆனால், 1924 மே மாதம் பிரான்ஸில் தேர்தல் வந்தது. ராணுவத்தை அனுப்பிய பிரதமரின் அணி தோற்றது. புது அரசு பேச்சுவார்த்தைக்கு வந்தது. 1925 ஆகஸ்ட்டில் ரூரிலிருந்து படை திரும்பியது. அதே வருடம் லொகார்னோ ஒப்பந்தம் வந்தது. அல்சாஸை இனி கேட்க மாட்டோம் என்று ஜெர்மனியே ஒப்புக்கொண்டது. அப்போது ஜெர்மனியும் குடியரசு. பெண்களுக்கும் ஓட்டு இருந்தது. கேல் உள்ளிட்ட ரைன் பகுதியில் இருந்த பிரெஞ்சுப் படையும், சொன்ன கெடுவுக்கு ஐந்து வருடம் முன்னதாகவே 1930-ல் கிளம்பிவிட்டது.

தப்பு செய்த அரசை ஓட்டுப் போட்டு வீட்டுக்கு அனுப்பி, தப்பைத் திருத்திக்கொள்ள முடிந்தது. சமாதானம் அப்போதே வந்துவிட்ட மாதிரிதான் தெரிந்தது.

மூன்றே வருடத்தில் கேள்வி கேட்க ஆளில்லை

1933 ஜனவரி 30. ஹிட்லர் ஜெர்மன் சான்சலர் ஆக்கப்பட்டார். தேர்தலில் அதிக ஓட்டு வாங்கிய கட்சியின் தலைவர்தான் அவர். ஜனநாயகத்தின் கதவு வழியாக வந்து, உள்ளே நுழைந்ததும் கதவைப் பூட்டிவிட்டார். மார்ச் மாதமே பார்லிமென்ட் இல்லாமல் சட்டம் போடும் அதிகாரம். ஜூலையில் மற்ற கட்சிகளுக்குத் தடை. பத்திரிகை, தொழிற்சங்கம் எல்லாம் ஒரே கைக்குள் போயின. அக்டோபரில் சர்வதேச சங்கத்திலிருந்து வெளியேற்றம்.

1936 மார்ச் 7-ம் தேதி, ராணுவம் நுழையக் கூடாது என்று ஒப்புக்கொண்டிருந்த ரைன் பகுதிக்குள் ஜெர்மன் படை நுழைந்தது. லொகார்னோ காற்றில் பறந்தது. அந்த மாதக் கடைசியில் 'மக்கள் ஓட்டெடுப்பு' நடந்தது. 98 சதவிகிதத்துக்கு மேல் ஆதரவு என்று அறிவித்தார்கள். மாற்றுக் கட்சி கிடையாது, எதிர்த்துப் பேசினால் சிறை. அப்படி ஓர் ஓட்டெடுப்பு.

நான் பார்த்த தாய் சிலை திறக்கப்பட்டதும் இதே 1936-ம் வருடம் அக்டோபரில்தான். இரண்டு மகன்களை இழந்த தாயின் சிலையைத் திறந்து வைக்கும்போதே, ஆற்றுக்கு அந்தப் பக்கம் அடுத்த மகன்களுக்கு உடுப்பு தைத்துக்கொண்டிருந்தார்கள்.

"விருப்பமில்லாமல் போனவர்கள்"

1939 செப்டம்பரில் போர் தொடங்கியபோது ஸ்ட்ராஸ்பர்க்கையே காலி செய்தார்கள். சுமார் 1,20,000 பேர் ரயிலேறி, பிரான்ஸின் தென்மேற்கே முன்பின் தெரியாத ஊர்களுக்குப் போனார்கள். பாட்டியின் குடும்பமும் அதில் ஒன்று. 1940-ல் பிரான்ஸ் தோற்றதும் அல்சாஸை நாஜி ஜெர்மனி தன்னோடு சேர்த்துக்கொண்டது. பிரெஞ்சு பேசத் தடை. ஆட்களின் பெயர்களையே ஜெர்மன் பெயர்களாக மாற்றினார்கள். நகரத்தின் ஒரு முக்கிய சதுக்கத்துக்கு ஹிட்லர் பெயர் வந்தது. யூதர்களின் பெரிய தொழுகைக் கூடத்தை எரித்தார்கள்.

1942 ஆகஸ்ட்டில் வந்தது அந்த உத்தரவு. அல்சாஸ் இளைஞர்கள் கட்டாயமாக ஜெர்மன் ராணுவத்தில் சேர வேண்டும். தப்பி ஓடினால் குடும்பத்தையே நாடு கடத்துவார்கள். அல்சாஸ், லொரேன் இரண்டிலும் சேர்த்து சுமார் 1,30,000 பேர் இப்படி இழுத்துச் செல்லப்பட்டார்கள். 30,000-க்கும் மேற்பட்டவர்கள் திரும்பவே இல்லை. இங்கே அவர்களை 'விருப்பமில்லாமல் போனவர்கள்' என்ற அர்த்தம் வரும் ஒரு வார்த்தையால் குறிப்பிடுகிறார்கள்.

"எங்கப்பாவும் அதுல ஒருத்தர்" என்றார் கீழ் வீட்டுப் பாட்டி. "ரஷ்யா பக்கம் சண்டைக்கு அனுப்பினாங்க. அங்கே சிறைப்பட்டு, 1945-ல திரும்பி வந்தார். அதைப் பத்தி எங்ககிட்ட பேசினதே இல்ல. இங்கேருந்து அந்தப் பாலம் நடக்குற தூரம்தான். ஆனா, சாகுற வரைக்கும் அவர் அதைத் தாண்டல."

கொஞ்ச நேரம் யாரும் எதுவும் பேசவில்லை. அக்கா எழுந்துபோய் தட்டுகளைக் கழுவ ஆரம்பித்தாள்.

திருப்பிக் கொடுத்த ஊர்

கேல் ஊரில் இறங்கிப் பார்த்தால் சாதாரணமான கடைத்தெரு. சிகரெட் வாங்க பிரான்ஸிலிருந்து வரும் கூட்டம், சோப்பு, ஷாம்பூ வாங்க வரும் கூட்டம். ஜெர்மன்காரர்கள் ரொட்டியும் சீஸும் வாங்க எதிர்த் திசையில் போகிறார்கள். இந்த ஊருக்கும் ஒரு கதை இருக்கிறது.

1944 நவம்பரில் ஸ்ட்ராஸ்பர்க்கைப் பிரெஞ்சுப் படை மீட்ட அன்றே கேல் மக்கள் ஊரைக் காலி செய்தார்கள். பிறகு ஊர் பிரெஞ்சுக்காரர்கள் கைக்குப் போனது. வீடிழந்த ஸ்ட்ராஸ்பர்க் மக்கள் கேல் வீடுகளில் குடியேறினார்கள். ஸ்ட்ராஸ்பர்க்கின் புறநகர் மாதிரியே ஆகிவிட்டது. ஜெயித்தவர்கள் நினைத்திருந்தால் அப்படியே வைத்துக்கொண்டிருக்கலாம். ஆனால், 1949-ல் ஓர் ஒப்பந்தம் போட்டு, தெருத்தெருவாகத் திருப்பிக் கொடுக்க ஆரம்பித்தார்கள். 1953 ஏப்ரலில் முழு ஊரும் ஜெர்மனி வசம் வந்தது.

இதற்குள் இன்னொரு பெரிய யோசனையும் வந்துவிட்டது. 1950 மே 9-ம் தேதி பிரெஞ்சு வெளியுறவு அமைச்சர் ரொபேர் ஷூமான், இரண்டு நாடுகளின் நிலக்கரியையும் எஃகையும் பொது நிர்வாகத்தின் கீழ் வைக்கலாம் என்றார். பீரங்கி செய்ய வேண்டிய இரண்டு பொருளும் பொதுவில் இருந்தால், ஒருவருக்குத் தெரியாமல் இன்னொருவர் ஆயுதம் செய்ய முடியாது அல்லவா! ஷூமானும் எல்லைக்காரர்தான். பிறப்பால் ஜெர்மன் பிரஜை. முதல் உலகப்போருக்குப் பிறகு பிரெஞ்சு பிரஜை ஆனவர். இந்த யோசனைதான் பின்னாளில் ஐரோப்பிய யூனியனாக வளர்ந்தது.

என்னை ரொம்பவே யோசிக்க வைத்த சம்பவம் இன்னொன்று. இங்கிருந்து வடக்கே, நிலக்கரி நிறைந்த ஸார் பகுதி. போருக்குப் பிறகு பிரான்ஸின் கட்டுப்பாட்டில் இருந்தது. அதைத் தனி ஐரோப்பியப் பகுதியாக வைக்கலாம் என்று பிரெஞ்சு அரசும் ஜெர்மன் சான்சலர் அடெனவரும் பேசி முடித்தார்கள். ஆனால், அங்கே வாழும் மக்களிடம் கேட்டுவிடலாம் என்றார்கள். 1955 அக்டோபர் 23-ம் தேதி ஓட்டெடுப்பு நடந்தது. 67.7 சதவிகிதம் பேர் 'வேண்டாம்' என்றார்கள்.

இரண்டு அரசும் கைகோத்துக் கேட்டும் ஜனங்கள் மறுத்துவிட்டார்கள். பிரான்ஸ் என்ன செய்தது? படை அனுப்பவில்லை. ஏற்றுக்கொண்டது. 1957 ஜனவரி 1-ம் தேதி ஸார், மேற்கு ஜெர்மனியில் சேர்ந்தது. 1936-ல் 98 சதவிகிதம் 'ஆமாம்' என்ற ஓட்டெடுப்பு போரில் போய் முடிந்தது. 1955-ல் 67 சதவிகிதம் 'இல்லை' என்ற ஓட்டெடுப்பு, ஒரு நிலத் தகராறையே ரத்தம் சிந்தாமல் தீர்த்துவைத்தது.

1963-ல் இரு நாடுகளும் நட்பு ஒப்பந்தம் போட்டன. கூடவே இளைஞர் பரிமாற்றத்துக்கென்று ஓர் அலுவலகமும் வந்தது. இதுவரை 90 லட்சத்துக்கும் மேற்பட்ட இளைஞர்கள் இதன் மூலம் பக்கத்து நாட்டுக்குப் போய் வந்திருக்கிறார்கள். அந்தக் காலத்தில், 18 வயதில் ஜெர்மனிக்குப் போய் ஒரு குடும்பத்தோடு மூணு வாரம் தங்கியிருக்கிறார் பாட்டி. "அப்பா வேணாம்னு சொல்லல. ஆனா, வழியனுப்ப வாசலுக்கு வரவும் இல்ல" என்றார்.

நாரைக் கூடும் ஒரு காலிக் கம்பமும்

ஆரஞ்சரி பூங்காவில் மரத்துக்கு மரம் நாரைக் கூடுகள். குழந்தைகளோடு போனால் அரை நாள் போவதே தெரியாது. அதற்கு எதிரே இருக்கிறது ஐரோப்பிய கவுன்சில் கட்டடம். ஐரோப்பிய யூனியன் வேறு, இது வேறு. 1949-ல் தொடங்கிய இந்த அமைப்பில் இப்போது 46 நாடுகள். மக்களாட்சியும் மனித உரிமையும் உறுப்பினர் ஆவதற்கான நிபந்தனை.

வாசலில் பறக்கும் கொடிகளே ஒரு வரலாற்றுப் பாடம். கிரீஸில் ராணுவ ஆட்சி நடந்தபோது 1969-ல் வெளியேறியது, மக்களாட்சி திரும்பியதும் 1974-ல் மறுபடி சேர்ந்தது. போர்ச்சுகல் சர்வாதிகாரம் வீழ்ந்த பிறகு 1976-ல் வந்தது. ஸ்பெயின் ஃப்ராங்கோ இறந்த பிறகு 1977-ல் வந்தது. உக்ரைன் மீது படையெடுத்த ரஷ்யா 2022 மார்ச்சில் நீக்கப்பட்டது. அதன் கொடியையும் இறக்கினார்கள்.

"போர் வேண்டாம்னு ரஷ்யாவுலயும் தெருவுல இறங்கினாங்க. பிடிச்சு உள்ளே வெச்சுட்டாங்க" என்றாள் அக்கா. சாவெர்னில் தெருவில் நின்றவர்களைப் பிடித்து அடைத்த கதை எனக்கு நினைவுக்கு வந்தது.

ஆற்றின் குறுக்கே ஒரு காதல்

இதையெல்லாம் கேட்டு, இந்தச் சமாதானம் சிமென்ட் போட்டுப் பூசியாகிவிட்டது என்று நினைத்தேன். மாமா மறுத்தார்.

"2020 மார்ச்ல எங்க கதை தெரியுமா உனக்கு?"

அப்போது இருவருக்கும் நிச்சயதார்த்தம் மட்டும் முடிந்திருந்தது. மாமா கேல் ஊரில் ரூம் எடுத்துத் தங்கியிருந்தார். அக்கா ஸ்ட்ராஸ்பர்க்கில் ஸ்டூடன்ட். கொரோனா வந்ததும் மார்ச் 16-ம் தேதி ஜெர்மனி எல்லையில் தடுப்பு போட்டது. டிராம் பாலத்துக்கு முன்பே நின்றுவிட்டது. வேலைக்குப் போகிறவர்களுக்குத்தான் அனுமதி. காதலுக்கு ஏது சான்றிதழ்?

"ஞாயித்துக்கிழமை ஆனா நான் அந்தக் கரை, இவ இந்தக் கரை. நடுவுல 250 மீட்டர் தண்ணி. போன்ல பேசிட்டே கை ஆட்டுவோம். மூஞ்சி கூடத் தெரியாது. சிவப்பு துப்பட்டா தெரியும்" என்றார் மாமா. ஜூன் 15-ம் தேதி எல்லை திறக்கும்வரை இப்படியே மூன்று மாதம்.

அந்த நாட்களில் ஜெர்மன் கடைகளில் பிரெஞ்சுக்காரர்களைப் பார்த்துச் சிலர் திட்டிய சம்பவங்களும் நடந்தன. பழைய விஷம் அவ்வளவு சீக்கிரம் போகாது போல. ஆனால், ஜெர்மன் பக்கத்துத் தலைவர்களே அதை வெளிப்படையாகக் கண்டித்தார்கள். அதே மார்ச்சில் அல்சாஸ் மருத்துவமனைகள் நிரம்பி வழிந்தபோது, பக்கத்து ஜெர்மன் மாநில மருத்துவமனைகள் நோயாளிகளை ஏற்றுக்கொண்டன. எல்லையை மூடியதைக் கேள்வி கேட்டு மேயர்கள் பேசினார்கள், பத்திரிகைகள் எழுதின, மக்கள் புலம்பித் தீர்த்தார்கள். புலம்பியதற்காக யாரையும் பிடித்து உள்ளே வைக்கவில்லை.

இப்போதும் பிரச்னை இல்லாமல் இல்லை. 2024 செப்டம்பரிலிருந்து ஜெர்மனி எல்லா எல்லைகளிலும் மறுபடி சோதனை வைத்திருக்கிறது. இரு நாட்டிலும் எல்லையை இறுக்க வேண்டும் என்று சொல்லும் கட்சிகளுக்கு ஓட்டு கூடியிருக்கிறது. நாங்கள் இரண்டாம் முறை போனபோது, கேல் ரயில் நிலைய ஸ்டாப்பில் இரண்டு ஜெர்மன் போலீஸார் டிராமுக்குள் ஏறினார்கள். மற்றவர்களைத் தாண்டி நேராக என்னிடம் வந்தார்கள். என் நிறம் காரணமா, தெரியவில்லை. கை லேசாக நடுங்க பாஸ்போர்ட்டை நீட்டினேன். விசாவைப் பார்த்துவிட்டு நன்றி சொல்லித் திருப்பித் தந்தார்கள். பக்கத்து சீட்டில் இருந்த ஜெர்மன் தாத்தா அவர்களைப் பார்த்து ஏதோ சத்தமாகச் சொன்னார்.

"என்னக்கா சொல்றார்?"

"'ஒவ்வொரு தடவையும் இந்தப் பிள்ளைகளைத்தான் நிறுத்துவீங்களா?'ன்னு கேக்குறார்."

போலீஸார் பதில் சொல்லாமல் இறங்கிப் போனார்கள். தாத்தாவும் அவர் பாட்டுக்கு பேப்பரைப் பிரித்துக்கொண்டார். கேள்வி கேட்டுவிட்டு நிம்மதியாகப் பேப்பர் படிக்க முடிகிற ஊரில்தான், பக்கத்து ஊர்க்காரனோடும் சண்டை இல்லாமல் இருக்க முடிகிறது என்று தோன்றியது.

கடைசி நாள் சாயந்திரம்

ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தைய நாள், நடந்து போகிறவர்களுக்காக 2004-ல் கட்டிய பாலத்துக்குப் போனோம். இரண்டு கரையிலும் பூங்கா. நடு ஆற்றில் ஒரு மேடை. பாட்டியும் கைத்தடியோடு வந்திருந்தார். அவர் பேரன் இப்போது கேல் ஊரில்தான் குடியிருக்கிறான். அவன் மகளை, அதாவது பாட்டியின் கொள்ளுப்பேத்தியை, அந்தப் பக்கத்திலிருந்து கூட்டிக்கொண்டு வந்தான். குழந்தை பாலத்தின் நடுவிலிருந்து பாட்டியை நோக்கி ஓடி வந்தது. அது ஒரு எல்லை என்று அதற்குத் தெரிய வாய்ப்பில்லை.

"உங்கப்பா இதைப் பார்த்திருந்தா சந்தோஷப்பட்டிருப்பார்ல?" என்று கேட்டேன்.

பாட்டி யோசித்தார். "தெரியல. கோவப்பட்டாலும் பட்டிருப்பார். அவருக்குக் கோவப்பட உரிமை இருந்துச்சு. அவரை மறுபடி யாரும் உடுப்பு போட வைக்கல பாரு, அது போதும்."

குழந்தைக்கு அவர் ஒரு மிட்டாய் கொடுத்தார். அது முதலில் ஜெர்மனில் நன்றி சொல்லி, அப்பா முறைத்ததும் பிரெஞ்சிலும் ஒருமுறை சொன்னது.

போக நினைப்பவர்களுக்கு...

* பாரிஸிலிருந்து அதிவேக ரயிலில் ஸ்ட்ராஸ்பர்க் இரண்டு மணி நேரத்துக்குள். ஜெர்மனியின் ஃபிராங்ஃபர்ட்டிலிருந்தும் ரயில் இருக்கிறது.

* நகர மையத்திலிருந்து டி லைன் டிராமில் ஏறினால் சுமார் 20 நிமிடத்தில் கேல். உள்ளூர் டிக்கெட்டே போதும்.

* 142 மீட்டர் உயரக் கதீட்ரல், கால்வாய் ஓரப் பழைய வீடுகள், டிசம்பரில் கிறிஸ்துமஸ் சந்தை... எதையும் தவறவிடாதீர்கள். ரிபப்ளிக் சதுக்கத் தாய் சிலை முன் ஐந்து நிமிடமாவது நில்லுங்கள்.

* ஐரோப்பியப் பார்லிமென்ட்டின் ஸ்ட்ராஸ்பர்க் கட்டடத்தைப் பொதுமக்களும் சுற்றிப் பார்க்கலாம்.

* ஒரே ஷெங்கன் விசாவில் இரு நாடும் போகலாம். ஆனால், பாஸ்போர்ட்டை மட்டும் ரூமில் வைத்துவிட்டு டிராம் ஏறாதீர்கள்!